புது மூட்டில் சத்தம்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மூத்தோர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





மூட்டுவலிக்காரர்களுக்கான கூட்டத்தை மாடியில் வைத்திருக்கிறீர்களே என்று இன்று காலை ஒரு அம்மா போனில் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் கடைசி நேரத்தில் நாற்காலிகளைக் கீழே இறக்கி இந்த முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறோம். மின்விசிறி குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. மதரஸாவில் ஓதியவன், பிறகு கல்லூரியில் வணிகவியல் படித்தவன். மூட்டைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இரண்டு உண்டு. ஒன்று, என் உம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்து, கூடவே இருந்து பார்த்தவன். இன்னொன்று, இந்த விஷயத்தில் ஒருவருக்குத் தவறான ஆறுதல் சொல்லி, அதன் விளைவைப் பார்த்தவன். இரண்டாவதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் இன்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மருத்துவ விவரங்களை, உம்மாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் பிசியோதெரபி செய்தவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

நம் அறக்கட்டளையில் வாக்கரும் கமோடு நாற்காலியும் இரவல் கொடுக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வாக்கரைத் திருப்பிக் கொடுக்க வருபவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே போவதில்லை. கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "செயலாளர், ஒரு சந்தேகம். கால மடக்குனா உள்ள டக்குனு சத்தம் கேக்குது. எல்லாருக்கும் இப்படித்தானா?" என்பார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் போலக் கேட்பார்கள். இரண்டு மூன்று லட்சம் செலவு செய்த பிள்ளைகளிடம் சொன்னால் வருத்தப்படுவார்களே என்று வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் உம்மாவும் சொல்லவில்லை. 71 வயதில் வலது மூட்டை மாற்றினோம். மதுரையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மாத்திரை விவரம், கட்டு மாற்றும் தேதி எல்லாம் இருந்தது. சத்தம் கேட்கும் என்று ஒரு வரி இல்லை. யாரும் வாயாலும் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கும்போது உம்மாவுக்கு அந்த "டக்" கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து மடக்குவதைக் குறைத்துவிட்டார். பிசியோதெரபி செய்ய வந்தவரிடம் வலிக்கிறது என்று சொல்லிப் பாதியில் நிறுத்தச் சொல்வார். இரவில் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு படுப்பார். அதுவும் செய்யக்கூடாத காரியம். கால் நேராக நீளாமல் போய்விடும். எங்களுக்கு விவரம் தெரியாது. வலிக்கிறது போலும், வயதானவர் என்று விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் சுபுஹுக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வாப்பா, உள்ள வெச்ச ஆணி கழண்டுருச்சோ?" என்று கேட்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் அளந்து பார்த்தார். கால் 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90 டிகிரிக்கு மேலேயே வேண்டும். உள்ளே தழும்புத் திசு இறுகிவிட்டது. மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட வேண்டியதாயிற்று. மூட்டில் எந்தக் குறையும் இல்லை. ஒரு சத்தத்துக்குப் பயந்ததால் வந்த வினை இது.

அந்த மூட்டுக்குள் என்னதான் இருக்கிறது? பலர் நினைப்பதுபோல் முட்டியை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே ஒரு உலோக உறை. பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலவை. கீழே ஒரு உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவில் கெட்டியான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அதுதான் தேய்ந்துபோன குருத்தெலும்பின் வேலையைச் செய்கிறது. இவற்றைப் பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். உம்மா பயந்த ஆணி அங்கே இல்லவே இல்லை.

இனி சத்தத்துக்கு வருவோம். நம்முடைய சொந்த மூட்டில் வழுவழுப்பான குருத்தெலும்பு இன்னொரு குருத்தெலும்பின் மேல் நகர்ந்தது. அதில் சத்தம் வராது. இப்போது உலோகம் பிளாஸ்டிக்கின் மேல் நகர்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு தொடைத் தசை மிகவும் பலமிழந்து போயிருக்கும். அது மூட்டை இறுக்கிப் பிடிக்காதபோது இரண்டு பரப்புக்கும் நடுவில் நூல் கனத்துக்கு இடைவெளி விழுந்து, மறுபடி ஒட்டும். ஒட்டும்போது "டக்". சில வகை மூட்டுகளில், எடுத்துவிட்ட தசைநாரின் வேலையைச் செய்வதற்காகப் பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். காலை மடக்கும்போது உலோகப் பகுதி அந்த மேட்டில் போய் அண்டும். அதுவும் கேட்கும். தட்டில் கரண்டி பட்டால் கேட்பதுபோலத்தான். தொடைத் தசை பலமாக ஆக, பலருக்கு இந்தச் சத்தம் குறைந்துவிடும். சிலருக்குக் கடைசிவரை கொஞ்சம் இருக்கும். வலி இல்லை, வீக்கம் இல்லை, கால் நழுவவில்லை என்றால் அந்தச் சத்தத்தால் கெடுதல் இல்லை. அதைக் குறைக்கும் வழி உம்மா செய்ததற்கு நேர் எதிர்: பயிற்சியை விடாமல் செய்வது.

இந்த இடத்தில் ஒரு கதை. செயற்கை மூட்டுக்கும் சத்தத்துக்கும் பழைய உறவு உண்டு. 1950களில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். முட்டி இல்லை, இடுப்பு மூட்டு. அந்தக் காலத்து அக்ரிலிக் பந்து வைத்தது. அவர் சாப்பாட்டு மேசையில் முன்னால் குனிந்தால் மூட்டு கிறீச்சிடும். அவர் மனைவிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லையாம், அவரோடு ஒரே அறையில் இருப்பதையே தவிர்த்தாராம். சார்ன்லி இதைச் சிரித்து விட்டுவிடவில்லை. சத்தம் வருகிறதென்றால் உராய்வு அதிகம், உராய்வு அதிகமென்றால் மூட்டு சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று யோசித்தார். உராய்வு குறைந்த பொருளைத் தேடினார். முதலில் டெஃப்லான் வைத்துத் தோற்றார். சில வருஷத்திலேயே அது தேய்ந்துபோனது. 1962இல் பாலிஎத்திலீனுக்கு வந்தார். இன்று நம் உம்மாமார் முட்டியில் இருப்பதும் அந்த வகைப் பிளாஸ்டிக்கின் இன்னும் மேம்பட்ட வடிவம்தான். ஒரு வீட்டம்மா சாப்பாட்டு மேசையில் முகம் சுளித்ததில் இவ்வளவு நடந்திருக்கிறது. சத்தத்தைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சத்தத்துக்கு அடுத்து அதிகம் கேட்கும் கேள்வி மரத்துப்போவது. "தழும்புக்கு வெளிப்பக்கம் தொட்டா, அது என் தோல் மாதிரியே இல்ல" என்பார்கள். முட்டியின் நடுவில் நீளமாகக் கீறும்போது, தோலுக்கு உணர்வு கொடுக்கும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடுகிறது. அதைத் தவிர்ப்பது கடினம். ஆகவே தழும்புக்கு வெளிப்புறத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடம் மதமதவென்று இருக்கும். மாதங்கள் போகப் போக அந்த இடம் சுருங்கும். ஓரத்தில் கொஞ்சம் நிரந்தரமாகவும் இருந்துவிடலாம். நடுநடுவே எறும்பு ஊர்வதுபோல, சுள்ளென்று குத்துவதுபோல வருவது நரம்பு தேறி வருவதன் அடையாளமாக இருக்கலாம். நடப்பதற்கு இது எந்தத் தடையும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம், சூடுபண்ணிய எண்ணெய் வேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

சூடு, வீக்கம், காலையில் எழுந்ததும் விறைப்பு, முட்டியைச் சுற்றிப் பட்டை போட்டு இறுக்கியதுபோல ஒரு உணர்வு: இவை முதல் சில மாதங்களுக்கு இருக்கும். தொட்டால் அந்த முட்டி மட்டும் மற்றதைவிடக் கதகதப்பாக இருக்கும், ஆறு மாதம்வரைகூட. பகலெல்லாம் நின்று சமைத்தால் சாயங்காலம் வீங்கும், காலை உயர்த்திப் படுத்தால் வடியும். முழுவதும் தேற ஒரு வருஷம் ஆகும். மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இதையும் மறைக்கக் கூடாது. எல்லாம் சரியாக நடந்தும் மனநிறைவு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்குகளில் ஐந்தில் நான்கு பேர் திருப்தி என்கிறார்கள், ஒருவர் இல்லை என்கிறார். இருபது வயது முட்டி திரும்பக் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அது எப்போதும் கொஞ்சம் அந்நியமான பொருளாகவே தோன்றும்.

தொழுகையைப் பற்றிக் கேட்காதவர் யாருமில்லை என்பதால் அதையும் சொல்கிறேன். முட்டி போடுவதால் புது மூட்டு உடைந்துவிடாது என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். காயம் நன்றாக ஆறிய பிறகு, உங்கள் டாக்டர் சரி என்றால், மெத்தென்ற விரிப்பில் முயன்று பார்க்கலாம். ஆனால் மரத்த தோலின் மேல் எடை விழும்போது ஒரு மாதிரி கூசும்; பலரால் அதைத் தாங்க முடிவதில்லை. உண்மையில் ஸுஜூதைவிட, காலை முழுக்க மடக்கி உட்காரும் அந்த இருப்புதான் மூட்டை அதிகம் மடக்குகிறது. நன்றாகத் தேறியவருக்குக்கூட 110, 120 டிகிரிதான் மடங்கும். அந்த இருப்புக்கு அது போதாது. தரையில் குந்துவதும் அப்படித்தான். வலுக்கட்டாயமாக மடக்கிப் பார்க்காதீர்கள். முடியாதவர் நாற்காலியில் தொழலாம் என்பது தெரிந்ததே. எந்த நிலையில் நிற்பது, எங்கே உட்காருவது என்ற விவரத்தை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலி போட்டுத் தொழுபவரைப் பார்த்து "பார்க்க நல்லாத்தானே நடக்குறாரு" என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் சகோதரர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். நடக்க 60, 70 டிகிரி போதும்.

இனி நான் சொல்ல விரும்பாத விஷயம்.

உம்மாவுக்கு நடந்ததற்குப் பிறகு, மூட்டு மாற்றியவர்கள் யார் வந்து எது சொன்னாலும் "ஒண்ணும் இல்ல, அப்படித்தான் இருக்கும், பயிற்சிய விடாதீங்க" என்று சொல்வது என் வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பலருக்கு அது பயன்பட்டதும் உண்மை. எங்கள் தெருவில் ஒரு காக்கா, மூட்டு மாற்றி மூன்று வருஷம் ஆனவர். நன்றாக நடந்துகொண்டிருந்தார். சர்க்கரை உண்டு. காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. ஒரு நாள் வழியில் பார்த்தபோது, "தம்பி, ரெண்டு நாளா முட்டி சூடா இருக்கு, வீங்குது, வலிக்குது" என்றார். நான் நின்ற இடத்திலேயே, "புது மூட்டு சூடாத்தான் இருக்கும் காக்கா, எங்க உம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உம்மாவுக்கு இருந்தது இரண்டாவது மாதத்தில். இவருக்கு வந்தது மூன்று வருஷம் நன்றாக இருந்த பிறகு, திடீரென்று. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனபோது ஐந்து வாரம் ஓடிவிட்டது. காலில் இருந்த புண்ணின் கிருமி இரத்தம் வழியாகப் போய் மூட்டில் தங்கிவிட்டது என்றார்கள். ஆரம்ப நாட்களிலேயே வந்திருந்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றிக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இப்போது முழு மூட்டையும் எடுத்து, மருந்து கலந்த சிமெண்டை இடையில் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வேறு மூட்டு வைத்தார்கள். இரண்டு ஆபரேஷன். முதல் தடவை செலவானதைவிட அதிகம். இன்று அவர் கைத்தடியோடு நடக்கிறார். என் மேல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னதை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டில் கிருமி என்று சந்தேகம் வந்தால், ஊசி போட்டு நீர் எடுத்து எந்தக் கிருமி என்று பார்ப்பார்கள். அதற்கு முன்பே ஆண்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். பிறகு எந்த மருந்து கொடுப்பது என்பதே ஊகமாகிவிடும். ஆகவே மூட்டு சம்பந்தமாக மெடிக்கலில் கேட்டு எதையும் வாங்காதீர்கள். புது மூட்டில் எண்ணெய் போட்டு நீவிவிடுவது, கட்டுக் கட்டுவது, வேறு யாரிடமாவது முட்டியில் ஊசி போட்டுக்கொள்வது, இவையும் கூடவே கூடாது.

இந்தக் கிருமித் தொற்று நூறில் ஓரிருவருக்கு வருவதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு நாட்கள் முக்கியம். நன்றாக இருந்த மூட்டு திடீரென்று சூடாகி, சிவந்து, வீங்கினால் அன்றே போங்கள், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி. காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலும், தழும்பில் நீரோ சீழோ கசிந்தாலும் அப்படியே. காலில் புண், பல்லில் சீழ், சிறுநீரில் கடுப்பு இருந்தால், மூட்டு மாற்றியிருக்கிறது என்று அந்த வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

முதல் சில வாரங்களில் இன்னொரு அபாயம், இரத்தக் கட்டி. கெண்டைக்கால் வீங்கி, அழுத்தினால் வலித்தால் உடனே காட்ட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் ஆன சில வாரங்களிலேயே உம்ராவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட நேரம் விமானத்தில் உட்கார்ந்திருப்பது அந்தக் கட்டிக்குத் தோதானது. டாக்டரிடம் கேட்ட பிறகு தேதி குறியுங்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கதவு கத்தலாம். முட்டியைக் காட்டிச் சொன்னால் கையால் சோதித்து அனுப்புவார்கள்.

சத்தத்திலும் கவனிக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. மடக்கிய காலை நீட்டும்போது ஒரே இடத்தில் எதுவோ சிக்கி, வலியோடு "தொடுக்"கென்று விடுபடுவது. ஆபரேஷன் ஆகிச் சில மாதம் கழித்து வரும். முட்டிச் சில்லுக்கு மேலே தழும்புத் திசு உருண்டையாக வளர்ந்து உலோகத்தின் பள்ளத்தில் மாட்டுவதால் அப்படி ஆகலாம். சிறு துளை போட்டு அதை நீக்கிவிட முடியும். அதேபோல, பல வருஷம் சத்தமில்லாமல் இருந்த மூட்டு புதிதாகச் சத்தம் போட்டு, எடை வைத்தால் வலிக்கிறது, கால் நழுவுகிறது என்றால், பிளாஸ்டிக் தேய்ந்திருக்கலாம் அல்லது மூட்டு தளர்ந்திருக்கலாம். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சீக்கிரமே இப்படி ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, நூறில் 82 மூட்டுகள் 25 வருஷம்வரை தாங்குகின்றன.

இனிமேல் நம் அலுவலகத்தில் வாக்கர் வாங்க வருபவர்களுக்கு, இப்போது சொன்னதை ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கப்போகிறோம். மேலே ஒரு இடம் காலியாக இருக்கும். உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் எண்ணை அங்கே எழுதிக்கொள்ளுங்கள். என் எண் அதில் இருக்காது. வாக்கர் திரும்பி வரும்போது நாங்களும் ஒன்று கேட்போம்: சத்தம் கேட்கிறதா, வீட்டில் சொன்னீர்களா என்று.

உம்மாவுக்கு இப்போது 105 டிகிரி மடங்குகிறது. சத்தம் முழுவதும் போகவில்லை. இரவில் வீடு அமைதியாக இருக்கும்போது, அவர் தஹஜ்ஜுதுக்கு எழுந்தால் பக்கத்து அறையில் எனக்கே கேட்கும்.

பெண்கள் பக்கம் பிசியோதெரபி செய்யும் சகோதரி உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் கேட்கக் கூச்சமாக இருப்பவர்கள் அவரிடம் கேளுங்கள். டீ வந்துவிட்டது. எழுந்து வர வேண்டாம், பிள்ளைகள் கொண்டுவந்து தருவார்கள்.